தூதரக அதிகாரி நாள் முழுவதும் என்ன செய்கிறார்? உள்நாட்டுப் பணியும் வெளிநாட்டுப் பணியும்

பதிவு 1: நெடுவழி

வணக்கம். வெளியுறவுப் பணியில் சேரும் எண்ணத்துடன் இரண்டு ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். பன்னாட்டுச் சட்டம் பற்றியும் போர்கள், உடன்படிக்கைகள் பற்றியும் நூல்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு தூதரக அதிகாரி காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்தது முதல் மாலையில் வெளியேறும் வரை உண்மையில் என்ன செய்கிறார் என்பதை எழுதியவர்கள் மிகக் குறைவு. கைகுலுக்கும் படம் செய்தித்தாளில் வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை வருவதில்லை. தாய்நாட்டில் அமைச்சகத்தில் அமர்ந்து செய்யும் வேலையும் வெளிநாட்டில் செய்யும் வேலையும் எந்த அளவுக்கு வேறுபடுகின்றன? துறையில் இருந்தவர்கள் விரிவாக எழுதினால் என்னைப் போன்ற பலருக்கும் பயன்படும்.

பதிவு 2: பழங்கோப்பு

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த நாட்டுக்காகப் பணியாற்றினேன் என்பது இங்கே முக்கியமன்று. எல்லா நாடுகளின் தூதரகங்களும் ஏறத்தாழ ஒரே விதமாகத்தான் இயங்குகின்றன. அவற்றுக்கு அடிப்படை ஒரே ஆவணம். 1961 ஏப்ரல் 18 அன்று ஏற்கப்பட்டு, 1964இல் நடைமுறைக்கு வந்த தூதரக உறவுகளுக்கான வியன்னா உடன்படிக்கைதான் அது. அதன் 3ஆவது பிரிவு தூதரகத்தின் பணிகளாக ஐந்தைக் குறிப்பிடுகிறது: தன் நாட்டின் சார்பாளராக இருத்தல், தன் நாட்டின் நலனையும் தன் மக்களின் நலனையும் காத்தல், அங்குள்ள அரசுடன் பேச்சு நடத்துதல், அந்நாட்டு நிலவரத்தைச் சட்டத்துக்கு உட்பட்ட வழிகளில் அறிந்து தன் அரசுக்குத் தெரிவித்தல், இரு நாடுகளுக்கும் இடையே நட்புறவை வளர்த்தல்.

இவற்றுள் இளம் அதிகாரியின் நாளில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது நான்காவது. காலையில் அந்நாட்டு மொழியிலேயே செய்தித்தாள்களைப் படிக்க வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பியிருப்பவருக்குத் தலையங்கத்தின் தொனி பிடிபடாது. இரவில் தலைமையகத்திலிருந்து வந்து சேர்ந்த தந்திகளைப் பார்க்க வேண்டும் (இன்று அவை மறையாக்கம் செய்யப்பட்ட மின்செய்திகளாகவே வருகின்றன என்றாலும், தந்தி என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது). பிறகு தூதர் நடத்தும் காலைக் கூட்டம். அதன் பின் ஓர் அமைச்சக அதிகாரியையோ நாடாளுமன்ற உறுப்பினரையோ வணிகச் சங்கத்தாரையோ பல்கலைக்கழக ஆசிரியரையோ சந்திக்க வேண்டியிருக்கும். முக்கால் மணி நேரச் சந்திப்பை ஒன்றரைப் பக்க அறிக்கையாக எழுத இரண்டு மணி நேரம் ஆகும்.

அந்த இரண்டு மணி நேரத்தின் மதிப்பை நான் ஒரு பிழையால்தான் கற்றுக்கொண்டேன். அப்போது நான் இரண்டாம் செயலாளர். எங்கள் ஏற்றுமதிப் பொருள் ஒன்றின் மீது விதிக்கப்பட்டிருந்த இறக்குமதி வரியைக் குறைக்கும்படி அந்நாட்டு அதிகாரி ஒருவரிடம் பேசப் போயிருந்தேன். அவர் கோப்பை மூடிக்கொண்டே சொன்ன பதிலைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அன்று மாலை தந்தி போயிற்று. பத்து நாள் கழித்து எங்கள் அமைச்சர் அதை நம்பி வெளிப்படையாக ஓர் அறிக்கை விட, மறுநாளே அந்த அரசு அதை மறுத்தது. தூதர் என்னை அழைத்துக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னார். “வரிக் குறைப்பைப் பரிசீலிப்பதில் எங்களுக்குத் தடையில்லை” என்று குறிப்பேட்டில் இருந்தது. “வரிக் குறைப்பில் அவர்களுக்குத் தடையில்லை” என்று தந்தியில் இருந்தது. நடுவில் ஒரே ஒரு சொல் உதிர்ந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். விருந்துகளைப் பற்றியும் பயணங்களைப் பற்றியும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எனக்கு இந்தப் பணியென்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த இரண்டு தாள்கள்தான்.

பதிவு 3: ஐயவினா

பழங்கோப்பு ஐயாவின் நேர்மைக்கு என் மதிப்பு. ஆயினும் எனக்கு அடிப்படையிலேயே ஓர் ஐயம் இருக்கிறது. இன்று தலைவர்கள் நேரடியாகத் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். ஒரு நாட்டில் நடப்பது சில நிமிடங்களில் உலகெங்கும் தெரிந்துவிடுகிறது. தூதரகத் தந்தி வந்து சேர்வதற்குள் செய்தி பழையதாகிவிடுகிறது. அப்படியிருக்க, இத்தனை தலைநகரங்களில் இத்தனை கட்டடங்களையும் ஊழியர்களையும் மக்கள் வரிப்பணத்தில் வைத்திருப்பது ஏன்? இரு நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலில் கடிதம் போன காலத்தின் ஏற்பாட்டைப் பழக்கத்தால் மட்டுமே தொடர்கிறோமோ என்று தோன்றுகிறது. இதை வெறுப்பில் கேட்கவில்லை. விடை கிடைத்தால் ஏற்றுக்கொள்வேன்.

பதிவு 4: மேசைவிளக்கு

நான் அமைச்சகத்தின் நாட்டுப் பிரிவு (குறிப்பிட்ட நாட்டுடனான உறவைக் கவனிக்கும் பிரிவு) ஒன்றில் பணிபுரிகிறவள். ஐயவினா அவர்கள் சொன்ன தொலைபேசி உரையாடலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அந்த உரையாடலை ஆயத்தப்படுத்துவதுதான் என் வேலை.

இரு தலைவர்கள் இருபது நிமிடம் பேசப் போகிறார்கள் என்றால், அதற்கான குறிப்பு மூன்று பக்கத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் நாம் எதைக் கேட்கிறோம், அவர்கள் எதைக் கேட்பார்கள், எதற்குச் சரி என்று சொல்லலாம், எதற்கு “என் அலுவலர்கள் பார்ப்பார்கள்” என்று மட்டும் சொல்ல வேண்டும், சென்ற முறை கொடுத்த வாக்குறுதிகளில் எவை நிறைவேறவில்லை என்பவையெல்லாம் இருக்க வேண்டும். இதை நான் தனியாக எழுதிவிட முடியாது. வணிக அமைச்சகம் வரியைப் பற்றி ஒன்று சொல்லும், வேளாண் அமைச்சகம் அதற்கு நேர்மாறாகச் சொல்லும், பாதுகாப்பு அமைச்சகம் அந்தப் பொருளையே எடுக்க வேண்டாம் என்னும், நிதி அமைச்சகம் கடைசி நாள் வரை பதிலே அனுப்பாது. இவர்கள் அனைவரும் ஒப்புக்கொள்ளும் ஒரே வாசகத்தை எட்டுவதுதான் உள்நாட்டுப் பணியின் பெரும்பகுதி. வெளிநாட்டுடன் நடக்கும் பேச்சுவார்த்தையை விடச் சொந்த அரசுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தை கடினமானது என்று இத்துறையில் இருக்கும் எவரும் சொல்வார்கள். என் அனுபவத்திலும் அது உண்மை.

உரையாடல் முடிந்த பிறகுதான் தூதரகத்தின் தேவை முழுதாகத் தெரியும். தலைவர்கள் ஒப்புக்கொண்டதைச் செய்து முடிக்க வேண்டியவர் அங்கே ஏதோ ஒரு துறையில் இடைநிலையில் இருக்கும் ஓர் அதிகாரி. அவர் யார், அவருடைய தயக்கம் எதனால், யார் சொன்னால் கேட்பார் என்பதெல்லாம் அந்த ஊரில் இரண்டு ஆண்டு இருந்து அவரோடு பழகிய நம் அலுவலருக்கு மட்டுமே தெரியும். செய்தி நிறுவனங்கள் நடந்ததைச் சொல்லும். நடக்காமல் கிடப்பது ஏன் என்று கேட்டுச் சொல்ல அங்கே ஆள் வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். உறவை முற்றிலும் முறித்துக்கொண்ட நாடுகள்கூட இந்த ஏற்பாடு இல்லாமல் இருக்க முடிவதில்லை. ஈரானில் அமெரிக்காவின் நலன்களை 1980 முதல் சுவிட்சர்லாந்தின் தூதரகம் கவனித்துவருகிறது. கியூபாவிலும் 1961இல் உறவு முறிந்தது முதல் 2015 வரை சுவிட்சர்லாந்து அதே பொறுப்பை ஏற்றிருந்தது. தொலைபேசி அந்தக் காலம் முழுவதும் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பதிவு 5: நெடுவழி

மிக்க நன்றி அம்மா. நாட்டுப் பிரிவில் உங்கள் வழக்கமான நாள் எப்படியிருக்கும் என்பதையும் சொல்ல முடியுமா? மரபுமுறை (புரோட்டோகால்), அணிவரிசை (யார் முன்னே, யார் பின்னே என்ற ஒழுங்கு) என்றெல்லாம் படிக்கிறேன். அவை வெறும் சடங்குகள்தானா?

பதிவு 6: மேசைவிளக்கு

வழக்கமான நாள் என்று ஒன்று கிடையாது, ஆனால் வழக்கமான குறுக்கீடுகள் உண்டு. நாடாளுமன்றக் கேள்விக்கு நண்பகலுக்குள் பதில் வரைவு வேண்டும் என்பார்கள். நம் தலைநகரில் இருக்கும் அயல்நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒருவர் தம் அரசின் கண்டனத்தையோ கோரிக்கையையோ எடுத்துக்கொண்டு வருவார். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, நமக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்துக்கு மேல் ஒரு சொல்லும் பேசாமல், அன்றே மேலிடத்துக்கு எழுத வேண்டும். எழுத்து வழியில் வருபவை பெரும்பாலும் படர்க்கையில் எழுதப்படும் தூதரகக் குறிப்புகள். அவற்றில் “நான்”, “நாங்கள்” என்பவை வரமாட்டா. “தூதரகம் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறது” என்று தொடங்கி, உயர்ந்த நன்மதிப்பை மீண்டும் உறுதிசெய்து முடியும். உள்ளே கடும் கண்டனம் இருந்தாலும் தொடக்கமும் முடிவும் மாறுவதில்லை. முதலில் எனக்கு இது போலியாகப் பட்டது. பின்னர்தான் புரிந்தது: வாசல் மாறாமல் இருப்பதால், உள்ளே எந்தச் சொல் மாறியிருக்கிறது என்பது உடனே கண்ணில் படுகிறது. ஒரு நாடு வழக்கமாக எழுதும் “கவலை” என்பதை ஒரு நாள் “ஆழ்ந்த கவலை” என்று எழுதினால் நாங்கள் அதைத் தனியாகக் குறித்துவைப்போம்.

மரபுமுறையும் வெறும் சடங்கன்று. 1661இல் லண்டனில் யாருடைய வண்டி முன்னால் போவது என்பதற்காகப் பிரெஞ்சு, ஸ்பானியத் தூதர்களின் ஆட்கள் தெருவில் சண்டையிட்டு உயிரிழந்தார்கள். 1815இல் வியன்னா மாநாட்டில்தான் தூதர்களின் படிநிலைகளும் முன்னுரிமையும் முறைப்படுத்தப்பட்டன. இன்று பெரிய நாடு, சிறிய நாடு என்ற வேறுபாடே கிடையாது. ஒரே நிலையில் உள்ள தூதர்களுள் யார் முதலில் பொறுப்பேற்றாரோ அவர்தான் முன்னே. மிகச் சிறிய தீவு நாட்டின் தூதர் அந்தத் தலைநகரில் மூத்தவராக இருந்தால் வல்லரசின் தூதர் அவருக்குப் பின்னால்தான் நிற்பார். எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி உண்டு.

பதிவு 7: முத்திரை

இதுவரை பேசியவர்கள் அரசியல் பிரிவையும் தலைமையகத்தையும் பற்றி எழுதினார்கள். பொதுமக்கள் தூதரகம் என்றாலே நினைப்பது எங்கள் பிரிவை, அதாவது மக்களுக்கான சேவைகளைக் கவனிக்கும் கன்சுலர் பிரிவை. கடவுச்சீட்டு, விசா, பிறப்புப் பதிவு, ஆவணச் சான்றுறுதி, சிறைச் சந்திப்பு, இறப்பு ஆகியவையெல்லாம் 1963ஆம் ஆண்டின் மற்றொரு வியன்னா உடன்படிக்கையின்கீழ் வருகின்றன.

இரவு இரண்டு மணிக்கு அவசரத் தொலைபேசி ஒலிக்கும். தங்கள் மகன் வேலைக்குப் போன நாட்டில் இறந்துவிட்டதாக யாரோ சொன்னார்களாம், உண்மையா என்று ஒரு தாய் கேட்பார். மருத்துவமனையோ காவல் துறையோ உறுதிசெய்யும் வரை நான் எதையும் சொல்லக் கூடாது. அதே சமயம் அந்த அழைப்பைத் துண்டித்துவிடவும் மனம் வராது. மறுநாள் காலையிலிருந்து வேலை தாள்களில் நடக்கும். மருத்துவரின் இறப்புச் சான்று, இயற்கையான இறப்பு இல்லையென்றால் காவல் அறிக்கை, சில சமயம் உடற்கூறாய்வு, உறவினரின் இசைவுக் கடிதம், உடல் பதப்படுத்தப்பட்டதற்கான சான்று, தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து முத்திரை இட்ட கடவுச்சீட்டு, விமானச் சரக்குப் பிரிவின் முன்பதிவு. இவற்றில் ஒன்றில் பெயரின் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பெட்டி நகராது. தந்தையின் பெயர் ஒரு தாளில் முன்னாலும் இன்னொரு தாளில் பின்னாலும் இருந்ததால், ஓர் இளைஞரின் உடல் நான்கு நாள் கூடுதலாகப் பிணவறையில் இருந்தது. அந்த வாரம் நான் எழுதிய கடிதங்களில் அறிவுக்கூர்மை எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் நேரில் போய், கையெழுத்து ஆகும் வரை நின்றேன்.

சிறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த உடன்படிக்கையின் 36ஆவது பிரிவுப்படி, ஒரு வெளிநாட்டவர் கைதானால் தன் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்க உரிமை உண்டு என்பதை அதிகாரிகள் தாமதமின்றி அவரிடம் சொல்ல வேண்டும். அவர் விரும்பினால் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் 1982இல் கைதான ஜெர்மானியச் சகோதரர்கள் இருவருக்கு இது உரிய காலத்தில் சொல்லப்படவில்லை. 1999இல் இருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2001இல் பன்னாட்டு நீதிமன்றம், அமெரிக்கா தன் கடமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. இறந்தவர்களுக்கு அத்தீர்ப்பால் பயனில்லை. ஆனால் சிறை அதிகாரியிடம் நாங்கள் போய் நிற்கும்போது, கையில் ஒரு பிடிமானம் இருக்கிறது.

நாங்கள் செய்ய முடியாதவையும் உண்டு. கைதானவரை விடுவிக்க முடியாது, நீதிமன்றத்தில் அவருக்காக வாதாட முடியாது. வழக்கறிஞர் பட்டியல் கொடுப்போம், குடும்பத்துக்குத் தெரிவிப்போம், அடித்தார்களா, மருந்து கிடைக்கிறதா என்று நேரில் கேட்போம், மோசமாக நடத்தினால் எழுத்தில் முறையிடுவோம். “இவ்வளவுதானா?” என்று குடும்பத்தார் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

பதிவு 8: ஐயவினா

முத்திரை அவர்களின் பதிவைப் படித்த பிறகு என் முதல் கேள்வியில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மறுபாதி நிற்கிறது. தூதரக அதிகாரிகளுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு எனக்கு ஏற்புடையதாக இல்லை. குற்றம் செய்தவர் கைது செய்யப்படாமல் விமானம் ஏறிப் போவதை எந்த நீதியின் பெயரால் ஏற்பது?

பதிவு 9: பழங்கோப்பு

இது நேர்மையான கேள்வி. நேர்மையாகவே விடை சொல்கிறேன். அந்தப் பாதுகாப்பு தனிமனிதருக்கானது அன்று, பணிக்கானது என்று நான் முதலில் சொன்ன 1961 உடன்படிக்கையின் முகவுரையே சொல்கிறது. அது இல்லாவிட்டால், விரும்பத்தகாத செய்தியைக் கொண்டுவந்தவரைப் பொய் வழக்கில் பிடித்துவைப்பது எந்த அரசுக்கும் எளிது. 1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பிடிக்கப்பட்டு, 52 பேர் 444 நாள்கள் அடைத்து வைக்கப்பட்டார்கள். அந்த நாள்களில் உலகின் எல்லாத் தூதரகங்களிலும் இருந்தவர்கள் தங்கள் கதவைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் பாதுகாப்பு இருப்பதால் சட்டம் பொருந்தாது என்றாகிவிடாது. 41ஆவது பிரிவு, தங்கியிருக்கும் நாட்டின் சட்டங்களை மதிப்பதையும் அதன் உள்விவகாரங்களில் தலையிடாமல் இருப்பதையும் கடமையாக்குகிறது. அனுப்பிய நாடு பாதுகாப்பை விலக்கிக்கொள்ளலாம். 1997இல் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டின் தூதரக அதிகாரி ஒருவர் குடித்துவிட்டு ஓட்டிய கார் மோதிப் பதினாறு வயதுப் பெண் இறந்தபோது, அவருடைய அரசு பாதுகாப்பை விலக்கிக்கொண்டது. அவர் அங்கேயே விசாரிக்கப்பட்டுச் சிறை சென்றார். விலக்கிக்கொள்ளாவிட்டால், அவரை ஏற்கத்தகாதவர் என அறிவித்து வெளியேற்றலாம். அதற்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

இவை போதுமா என்றால், போதாது என்பதே என் கருத்து. 1984இல் லண்டனில் லிபியத் தூதரகத்துக்குள்ளிருந்து சுடப்பட்டு ஒரு பெண் காவலர் இறந்தார். உள்ளே இருந்தவர்கள் நாட்டை விட்டு வெளியேற அனுமதிக்கப்பட்டார்கள். அந்தக் குடும்பத்தின் முன் நின்று பணியின் தேவையைப் பற்றிப் பேச என்னால் முடியாது. அதனால்தான், இந்தப் பாதுகாப்பைப் போக்குவரத்து அபராதம் கட்டாமல் தப்பிக்கப் பயன்படுத்தும் அதிகாரியைக் கண்டாலும் எனக்குக் கோபம் வருகிறது.

பதிவு 10: நெடுவழி

ஐயா, இன்னும் ஒன்று. அரசின் நிலைப்பாடு தவறு என்று மனம் சொல்லும்போது அதிகாரி என்ன செய்வார்?

பதிவு 11: பழங்கோப்பு

வெளியே பேசும்போது அரசின் நிலைப்பாட்டையே பேச வேண்டும். அரை மனத்துடன் பேசுகிறார் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்தால் அந்த நாடே இரண்டுபட்டிருப்பதாக அவர் எடுத்துக்கொள்வார். ஆனால் உள்ளே எழுதும்போது மாற்றுக் கருத்தைச் சொல்வது உரிமை மட்டுமன்று, கடமையும்கூட. மேலிடம் கேட்க விரும்புவதை எழுதும் தூதரகத்தால் யாருக்கும் பயனில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையில் மாற்றுக் கருத்தை உயர்மட்டத்துக்கு நேரடியாக எழுத 1971இலிருந்தே தனி வழி இருக்கிறது. பல நாடுகளில் அப்படியொரு வழி இல்லை. அங்கே துணிவுள்ள மேலதிகாரி ஒருவர்தான் அந்த வழி. எழுதியும் பயனில்லை, மனமும் ஒப்பவில்லை என்றால் பதவி விலகலாம்.

இவை எதற்கும் நேரமில்லாத சூழலும் வரும். 1940இல் லிதுவேனியாவின் கௌனஸ் நகரில் ஜப்பானியத் துணைத் தூதராக இருந்த சியுனே சுகிஹாரா, அமைச்சகத்தின் அறிவுறுத்தலை மீறி, தப்பியோட வழிதேடி நின்ற யூத அகதிகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடப்பு விசாக்களை (ஜப்பான் வழியாக வேறு நாட்டுக்குச் செல்வதற்கான அனுமதி) கையால் எழுதிக் கொடுத்தார். நம்மில் பலரும் அவரை வணங்குகிறோம். ஆனால் அன்று அவர் கையில் இருந்தவை முத்திரை, மை, படிவம் ஆகிய மூன்றும்தான். முத்திரை அவர்கள் நாள்தோறும் கையாளும் அதே பொருள்கள்.

பதிவு 12: பெட்டிகட்டுபவர்

அதிகாரியின் துணைவியாக ஒரு சிறு சேர்க்கை மட்டும். மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வீடு மாறுகிறது. என் மகன் பன்னிரண்டு வயதுக்குள் நான்கு பள்ளிகளில் படித்துவிட்டான். மூன்று மொழிகளில் வணக்கம் சொல்வான், எதிலும் கடிதம் எழுத வராது. என் தொழிலைத் தொடர ஒவ்வொரு நாட்டிலும் தனி அனுமதி வேண்டும், பல இடங்களில் கிடைக்கவில்லை. இந்தப் பணிக்கு விண்ணப்பிக்கும் முன் வீட்டில் இருப்பவர்களிடமும் கேட்டுவிடுங்கள்.

பதிவு 13: நெடுவழி

அனைவருக்கும் நன்றி. வீட்டில் இன்றிரவே பேசுகிறேன். இப்போதிருந்தே பழக வேண்டியது எது என்று பழங்கோப்பு ஐயா சொன்னால் நன்றாயிருக்கும்.

பதிவு 14: பழங்கோப்பு

யாராவது இருவர் அரை மணி நேரம் ஏதாவது ஒரு பொருளைப் பற்றிக் கருத்து வேறுபட்டுப் பேசும்போது அருகில் இருங்கள். ஒலிப்பதிவு செய்துகொள்ள அவர்களிடம் இசைவு பெறுங்கள், ஆனால் உடனே கேட்க வேண்டாம். நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதுங்கள்: இடம், நேரம், இருந்தவர்கள், யார் என்ன சொன்னார். உங்கள் கருத்தைத் தனிப் பத்தியில், உங்கள் கருத்து என்று குறித்து எழுதுங்கள். அதன் பிறகு ஒலிப்பதிவைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதிவு 15: நெடுவழி

நேற்று என் அக்காவும் அவர் தோழியும் பேசியதை வைத்துச் செய்து பார்த்தேன், ஐயா. ஒரு பக்கத்தில் பதினெட்டு வாக்கியங்கள் எழுதியிருந்தேன். அவற்றில் ஐந்தை இருவரில் எவருமே சொல்லவில்லை. ஓர் இடத்தில் அக்கா “போகலாம்” என்று சொன்னதை “போவோம்” என்று எழுதியிருக்கிறேன். நாளை மறுபடியும் செய்கிறேன்.